முடிவு தெரிந்த கதைகள்: டீச்சரிடம் கேளுங்கள்

சென்ற இதழில், குற்றாலச் சாரலைப் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, காதல் நாவல்களும், 'கோஸி மிஸ்டரி' என்று வழங்கப்படும் மென்மையான துப்பறியும் நாவல்களும் மழைநாளில் பொழுது போக்குவதற்கு உகந்தவை என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களைப் பார்த்தால், செங்கோட்டை, தென்காசிப் பக்கத்திலும், தெற்கே களியக்காவிளை வரையிலும், மலைக்கு அப்பால் பாலக்காட்டுச் சீமையிலும் இந்த நாவல்களைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படிப்பவர்கள் எத்தனை பேர் என்பது விளங்குகிறது. இம்மாதப் பக்கம் முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கடந்த ஓராண்டில் தமிழும் ஆங்கிலமுமாக முப்பதுக்கு மேற்பட்ட காதல் நாவல்களையும் துப்பறியும் நாவல்களையும் படித்துவிட்டேன். காதல் நாவலில் இருவரும் சேர்ந்துவிடுவார்கள். துப்பறியும் நாவலில் கொலையாளி அகப்பட்டுவிடுவான். "முடிவு தெரிந்த கதையைக் காசு கொடுத்து வாங்குவானேன்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள், டீச்சர்.
*வாசகி, கோழிஞ்சாம்பாறை*

உங்கள் பாலக்காட்டுச் சீமையின் பகவதி கோயில்களில், கூத்துமாடத்தில் விளக்கேற்றி, கம்பராமாயணப் பாடல்களைப் பாடி, 21 இரவுகள்கூடத் தோல்பாவைக்கூத்து நடத்துகிறார்களே, அங்கே இராவணன் விழுவானா மாட்டானா என்று அறிந்துகொள்வதற்காக யாராவது போய் உட்கார்ந்ததுண்டா? எங்கள் பக்கத்துக் கோயில் கொடைகளில் வள்ளி திருமணம் நாடகம் போட்டால், வள்ளி கடைசியில் யாரை மணப்பாள் என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் வேடனாகவும் கிழவனாகவும் வருகிறவருக்கும் தினைப்புனத்தில் நிற்கிறவளுக்கும் நடக்கும் வாக்குவாதத்தைக் கேட்பதற்காக, விடிகிற வரையில் பனியில் பாயை விரித்து உட்கார்ந்திருக்கிறோம். முடிவு தெரிந்திருப்பது கதைக்குக் குறையென்று நம் பாட்டிமார் எவரும் சொன்னதில்லை. உங்கள் வீட்டார் அடுத்த முறை கேட்கும்போது கூத்துமாடத்தைக் காட்டிவிடுங்கள்.

அமெரிக்கக் காதல் நாவலாசிரியர்களின் சங்கம் அந்த வகைக்கு வகுத்திருக்கும் இலக்கணமே இரண்டு கூறுகளைத்தான் கொண்டது. கதையின் நடுவில் ஒரு காதல் இருக்க வேண்டும். முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தருவதாக இருக்க வேண்டும். ஆக, முடிவை முன்கூட்டியே வாசகரிடம் அடகு வைத்துவிட்டுத்தான் ஆசிரியர் எழுத உட்காருகிறார். என்னுடைய கட்சி என்னவென்றால், 'அடுத்து என்ன ஆகுமோ' என்ற பெரிய ஆயுதத்தைத் தாமே கீழே போட்டுவிட்ட ஒருவர், மற்றவை அனைத்தையும் பழுதில்லாமல் செய்து காட்டக் கடமைப்பட்டவர். கதாநாயகி என்ன வேலை பார்க்கிறாள், வீட்டு வாடகையை யார் கொடுக்கிறார்கள், அவள் வெளியே புறப்பட்டால் எதிர் வீட்டு ஜன்னலில் யார் முகம் தெரிகிறது என்பனவெல்லாம் அந்த நாவலில் இருந்தாக வேண்டும். நான் பாதியில் மூடி வைத்த நாவல்களை எண்ணிப் பார்த்தால், அவற்றுள் பெரும்பாலானவற்றில், காலை ஒன்பது மணிக்கு அந்தப் பெண் எங்கே போகிறாள் என்பது அவளைப் படைத்தவருக்கே தெரியவில்லை. இனி வரும் பதில்களிலும் இந்த அளவுகோலைத்தான் திரும்பத் திரும்ப எடுப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'கோஸி மிஸ்டரி' என்பதற்குத் தமிழில் ஒரு சொல் உண்டா? சாதாரணத் துப்பறியும் நாவலிலிருந்து அது எவ்வகையில் வேறுபடுகிறது?
*வாசகர், புளியறை*

நிலைபெற்ற சொல் எதுவும் இல்லை. நான் எனக்குள் 'திண்ணைத் துப்பறிதல்' என்று சொல்லிக்கொள்கிறேன். நல்ல சொல் கிடைக்கும் வரையில் நீங்களும் அதை இரவல் வாங்கிக்கொள்ளலாம். கொலை நம் கண்ணெதிரே நடக்காது. நடந்த பிறகும் குருதியையும் காயத்தையும் ஆசிரியர் வருணித்துக்கொண்டிருக்க மாட்டார். துப்புத் துலக்குகிறவர் காவல் துறையைச் சேர்ந்தவராக இருக்க மாட்டார். ஓய்வு பெற்றவராகவோ, ரொட்டிக்கடை நடத்துகிறவராகவோ, கையில் பின்னலூசியும் மடியில் பூனையுமாக இருப்பவராகவோ இருப்பார். ஊர் சிறியது, சந்தேகத்துக்கு உரியவர்கள் எல்லாரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் முதன்முதலாக முழு நாவலில் தோன்றியது 1930இல் வெளிவந்த 'தி மர்டர் அட் தி விகரேஜ்' என்ற நூலில். எதிரே இருப்பவரின் நடத்தையைப் பார்த்ததும் தம் கிராமத்தில் என்றோ அதே போல் நடந்துகொண்ட யாரோ ஒருவரை நினைத்துப் பார்ப்பதுதான் அந்த அம்மாளின் துப்பறியும் முறை. நம் தெருவில் மாலை ஐந்து மணிக்குத் திண்ணையில் உட்காரும் பெரியம்மாக்கள் எவருக்கும் இந்த முறையை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

தமிழ்த் துப்பறியும் கதைகள் பெரும்பாலும் வேறு பாதையில் போயின. வழக்கறிஞர்களும் காவல் அதிகாரிகளும் தனியார் துப்பறிவாளர்களும் விரைந்து வந்து, விரைந்து கண்டுபிடித்து, பேருந்து தென்காசியிலிருந்து மதுரை சேர்வதற்குள் கதையை முடித்துவிடுவார்கள். எனக்கும் அந்த வேகம் பிடிக்கும். ஆனால் அக்கம்பக்கத்தார் துப்பறியும் கதை நம் மொழியில் அரிதாகவே இருக்கிறது. அக்கம்பக்கம் இவ்வளவு மலிந்து கிடக்கும் ஒரு நாட்டில் இது ஒரு வியப்பு.

இந்த நாவல்கள் பலவற்றின் கடைசியில் சமையல் குறிப்பு ஒன்றைச் சேர்ப்பது வழக்கம். அப்படி ஒரு கேக்கை நம்பிக்கையோடு செய்து பார்த்தேன். கொலையைவிட அதுதான் மர்மமாக முடிந்தது.

அண்மையில் வந்தவற்றுள் உங்களுக்குப் பிடித்தவை எவை? பிடிக்காதவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்.
*வாசகி, தென்காசி*

பிடித்தவற்றிலும் பிடிக்காத பகுதி இருந்தது. ஆகவே இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

ரிச்சர்ட் ஓஸ்மனின் 'தி தர்ஸ்டே மர்டர் கிளப்' 2020இல் வந்தது. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், முதியோருக்கென்றே அமைந்த ஒரு வளாகத்தில் வசிக்கும் நான்கு பேர் வியாழக்கிழமைதோறும் கூடி, துலங்காமல் போன பழைய வழக்குகளை ஆராய்கிறார்கள். பிறகு அவர்கள் வாசலிலேயே ஒரு கொலை நடந்துவிடுகிறது. நேர்மையாகச் சொன்னால், அந்தக் கொலையைச் செய்தவர் யார் என்பது இன்று எனக்கு நினைவில்லை. ஆனால், எதற்கும் அஞ்சாத எலிசபெத், நினைவு கரைந்துகொண்டே போகும் தம் கணவருக்கு முன்னால் மட்டும் குரலைத் தாழ்த்திப் பேசும் பக்கங்களை மறக்க முடியவில்லை. ஓய்வு பெற்ற செவிலியான ஜாய்ஸ் எழுதும் நாட்குறிப்பும் அப்படித்தான். தனிமையைத் தனிமை என்று ஒருமுறைகூடச் சொல்லாமல், கேக்கையும் பேருந்தையும் பற்றியே பேசி, நமக்கு அதை உணர்த்திவிடுகிறார். குறை என்னவென்றால், முதல் நாவலின் கடைசிப் பகுதியில் ஒப்புதல் வாக்குமூலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிகின்றன. காவலர்களோ பெரியவர்கள் சொன்னதைக் கேட்டுக் கையைக் கட்டி நிற்கிறார்கள். தவிரவும், அந்த வளாகத்தில் வாழ எவ்வளவு செல்வம் வேண்டும் என்ற கணக்கு என் மனத்தை விட்டு நீங்கவே இல்லை. ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிறவளுக்கு அப்படித்தான் தோன்றும்.

ஜெஸ்ஸி சுடாண்டோ எழுதிய, வேரா வாங் என்ற அறுபது வயதுப் பெண்மணியைப் பற்றிய நாவல் 2023இல் வந்தது. சான் பிரான்சிஸ்கோவின் சைனாடவுனில் ஆள் வராத ஒரு தேநீர்க்கடையை அவர் தனியே நடத்துகிறார். ஒருநாள் காலையில் கடைக்குள் ஒருவர் இறந்து கிடக்கிறார். காவல் துறையின் திறமையில் வேராவுக்குக் கடுகளவும் நம்பிக்கையில்லை. எனவே தாமே விசாரணையைத் தொடங்கி, சந்தேகத்துக்கு உரியவர்களுக்கெல்லாம் தேநீர் கொடுத்து, சோறு போட்டு, அவர்களுடைய வேலையிலும் குடும்பத்திலும் தலையிட்டு, அதட்டி, அறிவுரை சொல்லித் தீர்க்கிறார். இந்த அம்மாள் என் சின்ன அத்தையேதான்! மகன் தம் குறுஞ்செய்திகளுக்குப் பதில் அனுப்பாததை அவர் பொறுத்துக்கொள்ளும் விதத்தைப் படித்தபோது புத்தகத்தைச் சற்று நேரம் கவிழ்த்து வைத்தேன். இருந்தாலும் பாதிக்கு மேல் ஆசிரியருக்குச் சந்தேக நபர்கள் எல்லார் மீதும் அன்பு பெருகிவிடுகிறது. இவர்களில் ஒருவர் கொலையாளியாக இருக்கலாம் என்ற அச்சம் வாசகருக்குக் கொஞ்சமாவது மிஞ்ச வேண்டாமா? பாயசத்தில் சர்க்கரை கூடிப்போன கதை.

நம் நாட்டைக் களமாகக் கொண்டவற்றுள் இரண்டைச் சொல்வேன். இரண்டும் 1921ஆம் ஆண்டில் நடப்பவை. ஒன்று பெங்களூரில், மற்றொன்று பம்பாயில். ஹரிணி நாகேந்திராவின் 'தி பெங்களூர் டிடெக்டிவ்ஸ் கிளப்', 2022இல் வந்தது. புதிதாக மணமான காவேரி, கணிதத்தின் மீது தீராத பற்றுடையவள். பெண் அதிகம் படித்தால் கெட்டுப்போவாள் என்று நம்பும் உலகில் கணக்குப் போடும் மூளையைக் கொலை வழக்கில் செலுத்துகிறாள். ஆசிரியர் சூழலியல் அறிஞர் என்பதால், அவருடைய பெங்களூரில் மரம் என்று பொதுவாக ஒரு மரம் நிற்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் பெயர் இருக்கிறது. காவேரியின் கணவராகிய மருத்துவர்தான் குறையற்ற நல்லவராக வந்து எனக்குச் சந்தேகத்தை உண்டாக்கிக்கொண்டே இருந்தார். 

மற்றொன்று சுஜாதா மாஸ்ஸியின் 'தி விடோஸ் ஆஃப் மலபார் ஹில்', 2018. இதை 'மென்மையான' என்ற வகைக்குள் அடைக்கலாமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. கதாநாயகியின் முதல் திருமணத்தைப் பற்றிய பகுதிகள் கசப்பானவை. ஆனாலும் அதன் கட்டுமானம் இந்த வகையில் எழுத விரும்பும் எவருக்கும் பாடம். பர்தாவுக்குள் வாழும் மூன்று கைம்பெண்களின் சொத்து விவகாரம் அது. ஆண் வழக்கறிஞரோ ஆண் காவலரோ அந்த வாசலைத் தாண்ட முடியாது. தந்தையின் அலுவலகத்தில் பணிபுரியும் பெர்வீன் மிஸ்திரி ஒருத்தியால்தான் முடியும். ஆக்ஸ்போர்டில் சட்டம் பயின்ற முதல் பெண்ணாகிய கொர்னீலியா சொராப்ஜியின் வாழ்க்கையிலிருந்து ஆசிரியர் இந்தப் பாத்திரத்துக்கு ஊக்கம் பெற்றார். 'காவல் துறை இருக்கும்போது இவளுக்கு இங்கே என்ன வேலை?' என்ற கேள்விக்கு இவ்வளவு திடமான விடையை நான் வேறு எந்த நாவலிலும் கண்டதில்லை.

கிழவிகளைத் துப்பறிய விடும் இந்தப் புதிய வழக்கம் முதியோரைக் கேலிப் பொருளாக்குவதாக எனக்குப் படுகிறது. உங்களுக்கு அப்படித் தோன்றவில்லையா?
*வாசகர், களியக்காவிளை*

சிலவற்றில் தோன்றியதுண்டு, கைபேசியை இயக்கத் தெரியாமல் தடுமாறுவதையே நாலு பக்கத்துக்கு ஒருமுறை நகைச்சுவையாக்கினால் எரிச்சல் வரத்தான் செய்யும். மற்றபடி, கிழவி என்று யாரும் பொருட்படுத்தாததால்தான் அவள் எல்லாவற்றையும் பார்க்க முடிகிறது என்பதை ஆசிரியர் புரிந்துகொண்டிருந்தால் எனக்குக் குறையில்லை. பேருந்தில் நான் உட்கார்ந்திருக்கும் இருக்கைக்குப் பின்னால் நடக்கும் உரையாடல்களை நீங்கள் கேட்டால் வியந்து போவீர்கள்.

என் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கைபேசியில் நாள்தோறும் தொடர்கதை படிக்கிறாள். ஒருநாள் எடுத்துப் பார்த்தேன். கதாநாயகன் அந்தப் பெண்ணைத் தூக்கிப்போய்க் கட்டாயமாகத் தாலி கட்டுகிறான், அறைகிறான், பூட்டி வைக்கிறான். நாற்பதாவது அத்தியாயத்தில் அவள் அவனையே காதலிக்கிறாள். கேட்டால் "இது ஆன்டி ஹீரோ கதை, அம்மா" என்கிறாள். கைபேசியைப் பிடுங்கிவிடலாமா?
*வாசகி, மார்த்தாண்டம்*

பிடுங்காதீர்கள். பிடுங்கினால் தோழியின் கைபேசியில் படிப்பாள். அப்போது உங்களிடம் அதைப் பற்றிப் பேசவும் மாட்டாள். அவள் உங்களுக்கு மறைக்காமல் வகையின் பெயரைச் சொன்னாளே, அதுவே பெரிய வாய்ப்பு.

அந்தக் கதைகளைப் பற்றி என் கருத்தை மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன்: எனக்கு அவை அருவருப்பையே தருகின்றன. அடித்தவன் பிறகு அழுதால் அது காதல் ஆகிவிடாது. ஆனால் இது நேற்றுப் பிறந்த நோய் என்று எண்ணிவிட வேண்டாம். பேருந்து நிலையப் பெட்டிக்கடையில் நாங்கள் வாங்கிப் படித்த மாத நாவல்களிலும், கதாநாயகியைத் தவறாகப் புரிந்துகொண்டு நூறு பக்கத்துக்குச் சுடுசொல் பேசும் செல்வந்தக் கதாநாயகர்கள் நிறைய வந்து போனார்கள். தெலுங்கிலும் மலையாளத்திலும் அவர்களுடைய பங்காளிகள் உண்டு. எனினும் அந்தக் கதைகள் ஒரே மாதத்தில், ஒரே புத்தகத்தில் முடிந்துவிடும். அவன் மன்னிப்புக் கேட்பதற்குப் பக்கக் கணக்கு ஒரு கெடு வைத்திருந்தது.

இப்போது அந்தக் கெடு இல்லை. 2014இல் பெங்களூரில் தொடங்கிய பிரதிலிபி போன்ற தளங்களிலும், இன்னும் பல இடங்களிலும், கதை அத்தியாயம் அத்தியாயமாக வருகிறது. படிக்கிறவர்கள் அன்றன்றைக்கே கருத்துச் சொல்கிறார்கள். நாளை அவர்கள் திரும்பி வர வேண்டுமானால் இன்று ஏதாவது ஒரு காயம் ஏற்பட்டாக வேண்டும். இருவரும் உட்கார்ந்து மனம் விட்டுப் பேசினால் மறுநாள் எழுத ஒன்றும் இருக்காது. ஆகவே அவர்களைப் பேச விடாமல் வைத்திருப்பது எழுதுகிறவருக்குத் தேவையாகிவிடுகிறது. பேச விடாமல் செய்ய எளிய வழி, ஒருவனை முரடனாக்குவது. இந்தச் சூட்சுமத்தை உங்கள் மகளிடம் சொல்லிப் பாருங்கள். உபதேசத்தைத் தட்டிவிடும் பிள்ளைகள், தொழில் ரகசியம் என்றால் காது கொடுப்பார்கள். அதே தளங்களில் செவிலியரையும், தையற்கடை வைத்திருப்பவளையும், விவாகரத்தான நாற்பது வயதுப் பெண்ணையும் வைத்து நயமாக எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அவளையே தேடிப் பிடித்து உங்களுக்குப் படிக்கக் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஆங்கிலம் படிப்பாளானால் எமிலி ஹென்றியின் 'புக் லவ்வர்ஸ்', 2022, கிடைக்குமா என்று பாருங்கள். இலக்கிய முகவர் ஒருத்தியும் பதிப்பாசிரியர் ஒருவரும் ஒரு கையெழுத்துப் பிரதியைத் திருத்தும் வேலையில் சண்டை போட்டுக்கொண்டே நெருங்குகிறார்கள். அவள் தன் வேலையில் கெட்டிக்காரி என்பதுதான் அவனுக்கு அவளைப் பிடிக்கக் காரணம். அதற்காக அவள் எங்கேயும் மன்னிப்புக் கேட்பதில்லை. வட கரோலினாவின் அந்தச் சிற்றூர் மட்டும் வாழ்த்து அட்டையில் இருக்கும் படத்தைப் போல மிகச் சுத்தமாக இருந்தது; குப்பை வண்டி வராத ஊரை நான் நம்புவதில்லை. கல்லூரி மாணவிக்குத் தகாதது என்று சிலர் கருதக்கூடிய நெருக்கமான காட்சிகளும் அதில் உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கட்டாயத் தாலியைவிட அவை எனக்குக் கௌரவமாகவே பட்டன.

மலையாள நண்பர்களிடம் காதல் நாவல் படிக்கிறேன் என்றால் 'பைங்கிளி' என்று சிரிக்கிறார்கள். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?
*வாசகர், திருவனந்தபுரம்*

முட்டத்து வர்க்கி எழுதிய 'பாடாத்த பைங்கிளி' என்ற நாவலிலிருந்து வந்தது. 1957இல் அது திரைப்படமாகவும் வெளிவந்தது. சாமானியக் கிறிஸ்தவக் குடும்பங்களின் காதலையும் கண்ணீரையும் அவர் எழுதிய விதத்தில் இலட்சக்கணக்கானோர் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பழக்கத்துக்கு வந்தார்கள் என்று அங்கே பெரியவர்கள் சொல்வதுண்டு. விமரிசகர்களோ அந்தத் தலைப்பையே பிய்த்தெடுத்து, உருக்கமான வார இதழ்க் கதைகள் அனைத்துக்கும் வசைப்பெயராக்கிவிட்டார்கள். வார இதழ்களில் பின்னாளில் புகழ் பெற்ற கோட்டயம் புஷ்பநாத்தின் துப்பறியும் நாவல்களுக்கு இப்படி ஒரு பெயர் ஒட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆண்கள் அதிகம் படித்த மலிவுக் கதை 'விறுவிறுப்பு' ஆயிற்று. பெண்கள் அதிகம் படித்த மலிவுக் கதை கிளியாயிற்று.

நம் பக்கத்திலும் இந்த ஏளனத்துக்குக் குறைவில்லை. 1925இல் 'ஜகன்மோகினி' இதழின் பொறுப்பை ஏற்று நடத்தி, 115 நாவல்களை எழுதிய வை. மு. கோதைநாயகி அம்மாளை இலக்கிய வரலாறுகள் ஒரு பத்தியில் முடித்துவிடுவதைப் பார்க்கிறோம். அவருடைய நடை இன்று எனக்குச் சலிப்பூட்டுகிறது என்பதையும் ஒளிக்க மாட்டேன். ஆனால் ஒரு பத்தி போதாது. உங்கள் நண்பர்கள் அடுத்த முறை சிரித்தால், ஜூன் 19ஆம் நாளை வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிற மாநிலத்தார் எதை வாசிக்கிறார்கள் என்று பார்த்தா கொண்டாடுகிறார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

நான் ஒரு துப்பறியும் நாவல் எழுத முயல்கிறேன். எல்லையை ஒட்டிய ஒரு தோப்பில் பிணம் கிடக்கிறது. தோப்பு கேரளத்தில், இறந்தவர் வீடு தமிழ்நாட்டில். எந்தக் காவல் நிலையம் வழக்குப் பதிய வேண்டும்? ஓய்வு பெற்ற தபால்காரரைத் துப்பறிய வைக்கலாம் என்றிருக்கிறேன்.
*வாசகர், ஆரியங்காவு*

தபால்காரர் மிகப் பொருத்தமான ஆள். யாருக்கு எங்கிருந்து மணியார்டர் வந்தது என்று அறிந்தவருக்கு ஊரில் மறைவான செய்தி ஏது?

சட்டத்தைப் பொறுத்தவரை, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும் அதைப் பற்றிய தகவலை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம் என்கிறது. 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' என்று பேச்சு வழக்கில் சொல்வது இதைத்தான். ஆகவே இறந்தவரின் மனைவி தமிழ்நாட்டுப் பக்கத்திலேயே புகார் கொடுக்கலாம். பிறகு வழக்கு உரிய எல்லைக்கு மாற்றப்படும். 'இது எங்கள் எல்லை இல்லை' என்று இரண்டு நிலையங்களும் கைவிரிப்பதை வைத்து நூறு பக்கம் ஓட்டலாம் என்று திட்டமிட்டிருந்தீர்களானால் அதை மாற்றிக்கொள்ளுங்கள். சட்டம் தெரிந்த வாசகர் முதல் அத்தியாயத்திலேயே உங்களை விட்டுவிடுவார்.

அதைவிட நல்ல ஒரு வாசல் அதே சட்டத்தில் இருக்கிறது. சந்தேக மரணத்தில் பிரேத விசாரணை நடத்தும் அதிகாரி, அக்கம்பக்கத்தைச் சேர்ந்த மதிப்புக்குரியவர்கள் இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் முன்னிலையில் அதை நடத்தி அறிக்கை எழுத வேண்டும் என்று 194ஆம் பிரிவு சொல்கிறது. நம் பக்கத்தில் அவர்களைப் 'பஞ்சாயத்தார்' என்பார்கள். உங்கள் தபால்காரரை அந்த இருவரில் ஒருவராக நிறுத்திவிடுங்கள். அவர் பிணத்தைப் பார்ப்பதற்கும், சட்டைப் பையில் இருந்ததைக் கவனிப்பதற்கும், அறிக்கையில் எழுதாமல் விடப்பட்டதை மனத்தில் வைத்துக்கொள்வதற்கும் சட்டமே அவருக்கு அனுமதி கொடுத்துவிடுகிறது. பர்தாவுக்குள் நுழைய முடிந்த பெர்வீனைப் பற்றி மேலே சொன்னேனே, அதற்கு நிகரான காரணம் இது.

சட்டைப் பையில் என்ன இருக்கலாம் என்று கேட்டால், ஒரு லாட்டரிச் சீட்டு என்பேன். கேரளம் 1967 முதல் அரசு லாட்டரியை நடத்துகிறது. தமிழ்நாடு 2003இல் லாட்டரியைத் தடை செய்தது. எல்லையைத் தாண்டிப் போய்ச் சீட்டு வாங்கி வரும் வழக்கத்தை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் ஊர்க் கடைகளே அதற்குச் சாட்சி. பரிசு விழுந்த சீட்டைக் குறிப்பிட்ட நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்ற விதி கதைக்கு ஒரு கடிகாரத்தையும் மாட்டிக் கொடுக்கும்.

ஒரே ஒரு வேண்டுகோள். எங்கள் செங்கோட்டை 1956 வரையில் திருவிதாங்கூரில் இருந்த ஊர். 1904இல் புனலூருக்கு ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து, மாமியார் ஒரு பக்கமும் மருமகள் ஒரு பக்கமுமாகவே இந்த மலையடிவாரம் வாழ்கிறது. அதனால் உங்கள் பாத்திரங்கள் 'எல்லை, எல்லை' என்று பக்கத்துக்குப் பக்கம் வியக்க வேண்டாம். இங்கே யாரும் அப்படி வியப்பதில்லை. சோதனைச் சாவடியில் பேருந்து நின்றால் டீ குடிக்க இறங்குவார்கள், அவ்வளவுதான். ஒருவன் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிக்கும் வாக்கியத்தில் எந்த இடத்தில் மொழி மாறுகிறது என்பதைத் தபால்காரர் கவனித்தால், அதுவே ஒரு துப்பு.

கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பது பாவமா?
*வாசகி, வாளையாறு*

காதல் நாவலில் பாவமில்லை. துப்பறியும் நாவலில், இரவல் வாங்கிய பிரதியாக இருந்தால், கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். காரணத்தை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

நீங்கள் படித்த முதல் துப்பறியும் நாவல் நினைவிருக்கிறதா, டீச்சர்?
*வாசகி, அச்சன்கோவில்*

பெயர் நினைவில்லை, ஏனென்றால் அந்தப் பிரதிக்கு அட்டையும் முதல் தாளும் இல்லை. வார இதழில் வந்த தொடரைக் கிழித்துச் சேர்த்து, பசை தடவி, பழுப்பு அட்டை போட்டுத் தைத்த பைண்டு புத்தகம் அது. எங்கள் தெருக் கோடியில் இருந்த ஒரு வாடகை நூலகத்தில், நாளொன்றுக்குப் பத்துப் பைசா கொடுத்து எடுத்து வந்தேன். அப்போது ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். மலங்காட்டுக்குள் ஒரு ஏலத் தோட்ட பங்களா, அதன் முதலாளி, அவருடைய இரண்டாம் மனைவி, ஒரு மருத்துவர், வாய் பேசாத ஒரு சமையற்காரர் என்று கதை போயிற்று. நாற்பத்திரண்டாம் அத்தியாயத்தில் எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு, 'கொலையாளி இந்த அறையில்தான் இருக்கிறார்' என்று துப்பறிவாளர் எழுந்து நின்றார். அதற்கு மேல் தாள்கள் இல்லை. நூலகத்துக்காரரிடம் போய்க் கேட்டதற்கு, "நீதான் கிழித்திருப்பாய்" என்று சொல்லி ஒரு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

முடிவு ஒரு பொருட்டே இல்லை என்று முதல் கேள்விக்கு அத்தனை விரிவாக எழுதியவளுக்கு இதைச் சொல்லச் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது: அந்தச் சமையற்காரருக்கு உண்மையிலேயே பேச்சு வரும் என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. எவர் வீட்டுப் பரணிலாவது அந்தப் பைண்டு கிடந்தால், கடைசி அத்தியாயத்தை மட்டும் படியெடுத்து ஆசிரியர் முகவரிக்கு அனுப்பி வையுங்கள்.